சாவு வீட்டில் சோம்பும் கல்கண்டும்

தாம்பாளத்தை அப்படியே கவிழ்த்தாள் செண்பகம். பீடிக் கட்டுகளும் புகையிலைச் சுருள்களும் பளபளக்கும் பொட்டலங்களும் வெந்நீர் அண்டாவுக்கு அடியில் எரிந்துகொண்டிருந்த சவுக்கு விறகுக்குள் போய் விழுந்தன. புருஷனைக் குளிப்பாட்டுவதற்காகத் தெருவில் மூன்று கல் கூட்டிச் சுடவைத்த தண்ணீர் அது.

கோபத்தில் அவள் ஒன்றை யோசிக்கவில்லை. ஒரு தாம்பாளப் புகையிலை ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை. புகை மஞ்சளாய்ச் சுருண்டு எழுந்து நேராகப் பந்தலுக்குள் புகுந்தது. வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இருமத் தொடங்கினார்கள். மேளக்காரர்கள் பறையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள். பாக்கியநாதன் செத்ததற்கு அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்களுக்கெல்லாம் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"தண்ணி ஊத்துங்க, தண்ணி ஊத்துங்க" என்று யாரோ கத்த, மகன் குணா ஓடிவந்து ஒரு குடத்தைக் கவிழ்த்தான். அடுப்பு அணைந்தது. வெந்நீரும் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து மூட்ட வேண்டும்.

இருமி முடித்துவிட்டு வந்து நின்றார் கலியன். பாக்கியநாதனுடைய பெரியப்பா மகன். பங்காளிகளில் மூத்தவர். கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போய் அந்தத் தாம்பாளத்துச் சாமான்களை வாங்கிவந்தவரும் அவர்தான்.

"இன்னாமே பண்ற நீ? சாவு ஊட்டுல தட்டு வெக்கலன்னா எவன் வந்து குந்துவான்?"

"குந்தறவங்க குந்தட்டும் மாமா. நிக்கறவங்க நிக்கட்டும்."

"தட்டு இல்லாத சாவுன்னு நாளைக்கு ஊரு பேசும். நம்ம வகையறாவுல இதுவரிக்கும் நடந்ததில்ல."

"அவரு சொல்லிட்டுப் போனது மாமா."

"வாயே இல்லாதவன் எங்கேர்ந்து சொன்னான்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது கலியனுக்கே கேட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். புகைதான் காரணம் என்பதுபோல இன்னொரு முறை இருமினார்.

பாக்கியநாதன் சொல்லத்தான் செய்திருந்தான். எதிர்த்தெருவில் ஒரு கிழவர் இறந்தபோது, வாசல் கட்டிலில் படுத்தபடி அந்தச் சாவு வீட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் குனிவதும் ஒரு சிட்டிகை எடுப்பதும் கன்னத்தில் அடக்குவதும் பிறகு துக்கம் விசாரிப்பதுமாக இருந்தார்கள். அவன் செண்பகத்தின் கையைப் பிடித்து இழுத்து, அந்தத் தட்டைக் காட்டினான். தன் மார்பைத் தொட்டான். பிறகு கையை விரித்து ஆட்டினான். அவள் தலையாட்டும்வரை விடவில்லை. அவள் தலையாட்டிய பிறகும் விடவில்லை. வாயைத் திறந்து "சரி" என்று சொல்லும்படி சைகை காட்டினான். தன்னால் முடியாத காரியத்தை அவள் வாயால் செய்யவைத்த பிறகுதான் கையை விட்டான்.

இன்று விடியும் நேரத்தில், மில்லில் முதல் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதி அடங்கியபோது, அவன் மூச்சும் அடங்கிவிட்டது.

அவன் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் இருபது வயதிலிருந்து வேலை செய்தவன். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் இரும்புப் பாளத்தை இடுக்கியால் பிடித்து ரோலருக்குள் திருப்பிவிடுகிற வேலை. இரண்டு கையும் இடுக்கியில் இருக்கும். அதனால் அங்கே பீடி பிடிக்க வழியில்லை. புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் கையும் வேண்டாம், தூக்கமும் வராது. அதுவும் போக, மில்லில் எல்லோரும் ஒன்று சொல்வார்கள். புகையிலை எச்சிலில் இரும்புத் தூசு ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குப் போகாது என்று. தூசியிலே நிற்கிற மனுஷனுக்கு அது எவ்வளவு நியாயமாகத் தோன்றும் பாருங்கள்.

மகள் சோனியா பிறந்து, கைக்குழந்தைக்கு இளைப்பு வந்தபோது அவன் பீடியை ஒரே நாளில் விட்டான். குழந்தைக்காகப் பீடியை விட்ட தகப்பன் என்று தெருவே மெச்சியது. செண்பகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பீடிக்குப் பதிலாகத்தான் புகையிலைப் பொட்டலம். புகை இல்லை, நாற்றம் வீட்டுக்குள் இல்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை. பருப்பும் எண்ணெயும் வாங்கும்போது அவளே கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டுப் பையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்து அனுப்புவாள்.

"அம்மா, காலித் தட்டு வெச்சா நல்லா இருக்காது" என்றாள் சோனியா. சமையற்கட்டுக்குப் போய் இரண்டு டப்பாக்களோடு வந்தாள். "வேற இன்னா கீது நம்மாண்ட?"

ஒரு டப்பாவில் சோம்பு. இன்னொன்றில் கல்கண்டு. சாம்பல் துடைத்த தாம்பாளத்தில் இரண்டையும் குவித்து, பந்தல் வாசலில் முக்காலி மேல் வைத்தாள்.

கலியன் வந்து குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது சாவு ஊடா, ஓட்டலா? பில்லு எங்க, பில்லு?"

மேளக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சாவு வீட்டில் சிரித்ததற்காகப் பயந்து செண்பகத்தைப் பார்த்தான். அவள் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் முகத்தின் கீழ்ப்பாதியை மூடியிருந்த வெள்ளைத்துணியின் விளிம்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. பாக்கியநாதனாக இருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து மில்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். நீலச் சட்டை, செம்மண் நிறத்தில் இரும்புத்தூசு படிந்த முழங்கை. மாலையைப் போட்டுவிட்டு வழக்கப்படி தட்டின் பக்கம் கைகள் நீண்டன. சோம்பைக் கண்டதும் அப்படியே நின்றன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிரேன் ஓட்டும் பென்னி முதலில் குனிந்தான். ஒரு சிட்டிகை சோம்பு, ஒரு கல்கண்டு. வாயில் போட்டு நறநறவென்று கடித்தான். அதன் பிறகு எல்லோரும் எடுத்தார்கள். சோனியா மறுபடியும் டப்பாவைக் கொண்டுவந்து கொட்ட வேண்டியிருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு டப்பாவும் வந்தது.

பென்னி செண்பகத்தின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஆப்பரேசன் ஆயி வந்தப்புறம் டெய்லி ஷிப்ட் மாறற நேரத்துக்கு மில் கேட்டாண்ட வந்து நிப்பாருக்கா. துண்ட எடுத்துட்டு மூஞ்சியக் காட்டிக்கினு. ஒண்ணும் பேச மாட்டாரு. பாக்கெட்டுல பொட்டலம் இருந்தா உருவிடுவாரு. நானே திட்டியிருக்கேன். காலங்காத்தால உன் மூஞ்சில முழிக்கணுமா நைனான்னு."

"தெரியும். வந்து எழுதிக் காட்டினாரு" என்றாள் செண்பகம். "பென்னி திட்டினான், நல்லாத் திட்டறான்னு."

பென்னி தரையைப் பார்த்தான். "இப்ப எங்க செட்டுல கன்னத்துல வெக்கறவன் ஒருத்தனும் இல்லன்னு சொன்னா அது பொய்க்கா. சொல்ல மாட்டேன். ஆனா நான் உட்டுட்டேன். இன்னும் நாலஞ்சி பேரு உட்டாங்க. மத்தவனுங்க ஒளிஞ்சிக்கினு வெக்கறானுங்க. அவரு கேட்டாண்ட நிக்கறாரான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் வெப்பானுங்க."

"இனிமே பயம் வுட்டுடுமே" என்றாள் அவள்.

"எங்க வுடும்? இனிமேதான் எங்க நிக்கறாருன்னே தெரியாதே."

அந்தக் கூட்டம் எழுந்து போன பிறகு சோழவரத்திலிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். பாக்கியநாதனின் அக்கா, செண்பகத்துக்கு அண்ணி. கோடித்துணி ஒரு கையில், இடுப்பில் சுருக்குப்பை.

அவள் வந்ததும் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சோழவரத்திலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும் எந்தச் சாவானாலும் சின்னப்பொண்ணுவைக் கூப்பிடாமல் எடுக்க மாட்டார்கள். ஒப்பாரி சொல்ல ஆரம்பித்தால் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஊரான் பிணத்துக்கே அப்படி என்றால் உடன்பிறந்தவனுக்கு எப்படி இருக்கும் என்று தெருவே கூடிவிட்டது.

சின்னப்பொண்ணு தம்பியின் காலடியில் உட்கார்ந்தாள். முந்தானையை வாய்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. உள்ளே ஏதோ முனகல் கேட்டது. அவ்வளவுதான்.

பெண்கள் காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள்.

"ஊரு சாவுக்கெல்லாம் வாய் கிழியப் பாடுனவ, கூடப் பொறந்தவனுக்கு முணுமுணுக்கறா பாரு" என்றாள் தெருக்கோடி ஜோதிலட்சுமி, எல்லோருக்கும் கேட்கிற ரகசியத்தில். "சொத்துத் தகராறா இருக்குமோ?"

செண்பகம் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகராறு ஒன்றும் இல்லை. அந்த வாய் திறக்காது. பொங்கலுக்கு வந்தபோதே அவள் அதைக் கவனித்திருந்தாள். கரும்பைக் கடிக்காமல் கத்தியால் நறுக்கித் தரச்சொன்னாள் அண்ணி. இட்லிக்குக் காரச் சட்னி வைத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சர்க்கரை கேட்டாள். பல் கூச்சம் என்றாள்.

பாக்கியநாதனுக்கும் சட்னியில்தான் ஆரம்பித்தது. காரம் காரம் என்று தட்டைத் தள்ளினான். இத்தனை வருஷம் தின்ற சட்னி இன்றைக்கு மட்டும் காரமா என்று செண்பகமும் பதிலுக்குச் சண்டை பிடித்தாள். கன்னத்துக்கு உள்ளே வெள்ளையாகத் தோல் தடித்திருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை. பார்த்த பிறகும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று நாலு பேர் சொன்னார்கள். ஆந்திரா எல்லைப் பக்கம் ஒருவர் பச்சிலைப் பற்றுப் போடுகிறார் என்று ஐந்தாவது ஆள் சொன்னார். நெல் விதைத்து அறுவடை ஆகும் காலம் அங்கே போய்வந்தார்கள். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கன்னத்தோடு தாடையையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அறுத்ததால்தான் தம்பிக்கு இந்தக் கதி. இது சின்னப்பொண்ணுவின் தீர்ப்பு. பொங்கலிலிருந்து செண்பகம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். "வா அண்ணி, ஒரு தடவை வாயைக் காட்டிட்டு வந்துடலாம்." ஒவ்வொரு முறையும் ஒரே பதில். "ஒருத்தனக் கூறு போட்டது பத்தாதா?"

புருஷனை அவளால் காப்பாற்ற முடியவில்லை. அவன் தன் முகத்தையே கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கும் அண்ணியின் முகம். அதே அகன்ற நெற்றி, அதே மேலேறிய புருவம். அதையும் விட்டுவிட முடியுமா?

குளிப்பாட்டிக் கோடி போர்த்தியாயிற்று. பாடையும் கட்டியாயிற்று. சின்னப்பொண்ணு சுருக்குப்பையை அவிழ்த்துச் சின்ன இரும்பு உரலை எடுத்தாள். இரண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. இடித்தாள். அவர்கள் வழக்கம் அது. கூடப்பிறந்தவள் வெற்றிலை இடித்துத் தம்பி வாயில் வைத்து அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் வாய்க்கரிசி.

டொக் டொக்கென்று உரல் சத்தம் கேட்டதும் பறை தானாக நின்றது. எல்லோரும் செண்பகத்தைப் பார்த்தார்கள். தாம்பாளத்தையே அடுப்பில் கொட்டியவள் இதற்கு என்ன செய்வாள் என்று.

இடித்ததைக் கட்டைவிரலால் வழித்து உருட்டிக்கொண்டு சின்னப்பொண்ணு தலைமாட்டுக்கு வந்தாள். செண்பகம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"எங்க அண்ணி வெக்கப் போற?"

"உடு செண்பகம். என் தம்பிக்கு நான் செய்யறது."

"செய் அண்ணி. எங்க வெக்கறேன்னுதான் கேக்கறேன்."

இன்னொரு கையால் வெள்ளைத்துணியை மெதுவாக விலக்கினாள்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு சின்னப்பொண்ணு தம்பியின் முகத்தைப் பார்த்ததில்லை. அவன் துண்டு கட்டிக்கொண்டிருப்பான், அவள் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். இருவருக்கும் அது ஒரு ஒப்பந்தம் போல இருந்தது. இப்போது பார்த்தாள். மேலே அவளுடைய நெற்றி. அவளுடைய புருவம். கீழே தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல், தையல் தழும்பு. வாய் இருந்த இடத்தில் ஒரு கோணல் மடிப்பு.

வெகுநேரம் பார்த்தாள். மணிக்கட்டைச் செண்பகம் விட்டுவிட்டது கூட அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்ததை அவள் வேண்டுமென்று செய்யவில்லை. சின்னவயசில் நடவு நட்ட நாளிலிருந்து, பசித்தாலும் பல் வலித்தாலும் அழுகை வந்தாலும் அந்தக் கை எங்கே போகுமோ அங்கேதான் இப்போதும் போயிற்று. தம்பிக்கு இடித்த வெற்றிலையைத் தன் வாயில் அடக்கிக்கொண்டாள்.

அடக்கிய கணமே முகம் சுருங்கியது. வாய் பாதிதான் திறந்தது. உருண்டை உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் புண்ணில் போய் ஒட்டிக்கொள்ள, கண்ணிரண்டும் நிலைகுத்தி நின்றன. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை அது. ஜோதிலட்சுமி கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பந்தலில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

செண்பகம் உள்ளங்கையை அண்ணியின் தாடைக்குக் கீழே குழித்துப் பிடித்தாள். மண்ணைத் தின்ற குழந்தையிடம் நீட்டுவதுபோல.

"துப்பு."

சின்னப்பொண்ணு தலையை ஆட்டினாள்.

"துப்பு அண்ணி. என் கையிலதான."

ஒரு நொடி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சின்னப்பொண்ணு குனிந்து துப்பினாள். வெற்றிலைச் சிவப்போடு வேறொரு சிவப்பும் கலந்திருந்தது. செண்பகம் கையை மூடிக்கொண்டு எழுந்துபோய்ச் சாக்கடையில் உதறிவிட்டு, குழாயைத் திருகிக் கையை அலம்பினாள். திரும்பிவந்து ஒரு சொம்பு தண்ணீரை அண்ணியிடம் கொடுத்தாள். கொப்பளிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிணம் காத்திருந்தது. ஊரே காத்திருந்தது.

வெறும் அரிசியை மட்டும் போட்டுவிட்டு எடுத்தார்கள். பாடை மில் கேட்டைக் கடந்தபோது, உள்ளே இருந்தவர்கள் கம்பி வேலியோரமாக வந்து வரிசையாக நின்றார்களாம். பென்னி மறுபடியும் உள்ளே போய்க் கிரேனின் சங்கை நீளமாக அடித்தானாம். பறைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு அது கேட்டது, வாசலிலேயே நின்றுவிட்ட பெண்களுக்கு. சோனியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜா மாதிரிப் போகிறார் என்றாள்.

சாயங்காலம் வீடு கழுவிவிட்டு உட்கார்ந்தபோது செண்பகம் சொன்னாள்.

"நாளைக்குப் போலாம் அண்ணி. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு."

சின்னப்பொண்ணு சுவரில் சாய்ந்திருந்தாள். கஞ்சியை ஸ்பூனால் எடுத்து ஓரமாக உறிஞ்சினாள். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

"கருமாதி முடியட்டும். அதுவரிக்கும் நீ படி தாண்டக் கூடாது. உன்ன உட்டா நான் யாரோட போவேன்?"

"நான்தான் வரேன்."

"பேசாத. புருஷனப் பொதைச்ச மண்ணு காயல. தாலி கழுத்துல கீது. தெருவுல எவனாவது எதிர்ல வந்தா காறித் துப்புவான்."

"துப்பறது நல்லதுதான் அண்ணி" என்றாள் செண்பகம்.

சின்னப்பொண்ணு அவளை முறைத்தாள். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சோனியாவுக்குத் தெரியவில்லை. வாய் வலிக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே குலுங்கினாள்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போவதற்குக் கலியன் சொம்போடு வந்தபோது, செண்பகம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்தில் சின்னப்பொண்ணு, கையில் ஆதார் கார்டைச் சுற்றிய பிளாஸ்டிக் பை.

கலியன் அவள் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். "எங்க கெளம்பிட்ட நீ?"

"ஆஸ்பத்திரிக்கு மாமா. அண்ணி வாயக் காட்ட."

"ரெண்டாம் நாளு. மூலையில குந்த வேண்டியவ. ரெண்டு வாரத்துல இன்னா கொள்ள போவுது?"

"அவருக்கும் அப்பிடித்தான் சொன்னோம் மாமா. நடவு முடியட்டும், தீபாவளி போவட்டும்னு. நீயும் சொன்ன, நானும் சொன்னேன்."

தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. ஜோதிலட்சுமி கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். கருமாதியன்று தாலி கழற்ற வேண்டியவள் விடிகாலையில் தெருவில் நிற்கிறாள். ஜோதிலட்சுமி வீட்டுக்குள் போய்விடுவாள் என்று செண்பகம் எதிர்பார்த்தாள். அவள் போகவில்லை.

குணா மொட்டைத்தலையோடு உள்ளே இருந்து வந்தான். சொம்பைக் கலியனிடமிருந்து வாங்கிக்கொண்டான். "பாலு நான் தெளிக்கறேன் பெரியப்பா. அதுக்கு அம்மா எதுக்கு? அவங்க போட்டும்."

கலியன் அவனைப் பார்த்தார். செண்பகத்தைப் பார்த்தார். சின்னப்பொண்ணு கன்னத்தில் வைத்திருந்த கையைப் பார்த்தார். சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நடந்தா போவீங்க ஸ்டேஷனுக்கு?" என்றார் கடைசியில், எரிச்சலோடு. "லாரி எப்பிடி வருது தெரியுமில்ல ரோட்டுல? இருங்க. வண்டிய எடுத்தாறேன். சாவு ஊட்டுல இன்னொரு சாவு வாணாம்."

மூன்று பேரும் அவருடைய மொபெட்டில் நெருக்கிக்கொண்டு போனார்கள். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஜோதிலட்சுமி, வண்டி தாண்டும்போது மாவுக்கையைத் தூக்கி, "பாத்துப் போயிட்டு வாக்கா" என்றாள். போகிற காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று எதிர்த்த வீட்டு வாசலில் நின்ற இன்னொருத்தி தெருவைக் குறுக்கே தாண்டாமல் அப்படியே நின்றாள். செண்பகம் கலியனின் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நேற்று மில் கேட்டுப் பக்கமிருந்து கேட்ட அந்தச் சங்கு இன்னும் அவள் காதில் இருந்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பல் பார்க்கும் டாக்டர் சின்னப் பெண். முகத்தில் மாஸ்க், கையில் டார்ச்.

"வாயத் திறங்கம்மா. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"அவ்ளோதான் வரும்" என்றாள் சின்னப்பொண்ணு.

டாக்டர் கையுறை போட்ட விரல்களை அடுக்கி வைத்துப் பார்த்தாள். "மூணு விரல் தாராளமா நுழையணும். உங்களுக்கு ரெண்டே கஷ்டமா இருக்கு. பாக்கு, புகையிலை எத்தனை வருஷமா?"

"பல்லு மொளைச்சதுலேர்ந்து வெச்சிக்கயேன்."

டார்ச் வெளிச்சம் கன்னத்தின் உள்ளே நின்றது. செண்பகம் எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் திட்டு. அதன் நடுவில் ஒரு சிவப்புப் புண். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால். வெகு நிதானமாக.

"கழுத்துல கட்டி எதுவும் தட்டுப்படல. சின்னதா ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். அது வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா பார்வைக்கு ஆரம்பத்துலயே வந்த மாதிரிதான் இருக்கு. இந்த நிலைமையில வந்தா முழுசா குணமாக்க நல்ல வாய்ப்பு இருக்கும்மா. புகையிலைய மட்டும் இன்னையோட விட்டுடணும்." மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் சுருங்கின. "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க."

நல்ல நேரம். செண்பகம் அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"துணுக்குன்னா கத்தியா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"கத்தி பட்டாப் பரவுமாமே."

"கத்தியால பரவாதும்மா. கத்திக்குப் பயந்துக்கினு ஊட்லயே குந்தினு இருந்தா, அப்பதான் பரவும்." அந்தப் பெண்ணும் இந்தப் பக்கத்துக்காரிதான் போல. பேச்சு தானாக அவள் ஊருக்குத் திரும்பிவிட்டது.

சின்னப்பொண்ணு செண்பகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் நேற்றே சொல்லியாயிற்று. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் எவ்வளவு வருமோ அவ்வளவும் திறந்தாள் சின்னப்பொண்ணு.

"கூட வந்தவங்க வெளிய இருங்க" என்றாள் நர்ஸ்.

வெளியே வராண்டாவில் ஒரு மர பெஞ்சு. செண்பகம் அதில் உட்கார்ந்தாள். எதிரே சுவரில் புகையிலைப் படமும் அதன் குறுக்கே சிவப்புக் கோடும். வேப்பமரத்தில் காக்கைகள். யாரோ ஒரு கைக்குழந்தை அழுகிறது. பாக்கியநாதன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் கண்ணை மூடினாலும் காது மூடாது. மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தலை சுவரில் சாய்ந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

கண் விழித்தபோது கன்னம் எதன்மேலோ இருந்தது. பழகிய சேலை வாசம். அண்ணியின் தோள். எப்போது வெளியே வந்தாள், எவ்வளவு நேரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. வெயில் வராண்டாவுக்குள் வெகுதூரம் ஏறிவந்திருந்தது. சின்னப்பொண்ணு ஒரு கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். ஒரு கையை நீட்டிப் பிடித்திருந்தாள். அந்தக் கையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டின் நிழல் செண்பகத்தின் முகத்தில் விழுந்திருந்தது.

பொன்னேரி ஸ்டேஷனில் அவர்கள் திரும்பிப் போக வேண்டிய கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று ஊதிக்கொண்டு கிளம்பியது. சின்னப்பொண்ணு அசையவில்லை.

செண்பகம் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.